இயல்நிலைப் பரவல் கணக்கில் இசட் மதிப்பை எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்: பேட்டரிகளின் ஆயுள் இயல்நிலைப் பரவலில் (சராசரிக்கு இருபுறமும் சமமாகச் சரியும், கோயில் மணி வடிவ வளைவு) உள்ளது. சராசரி 500 மணி, திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 40 மணி. ஒரு பேட்டரி 450 முதல் 560 மணி வரை உழைக்க நிகழ்தகவு என்ன?

இசட் மதிப்பு என்று பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு எண் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதுதான் அது. எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்தால் போதும்.

450-க்கு: (450 − 500) ÷ 40 = −1.25
560-க்கு: (560 − 500) ÷ 40 = 1.5

இப்போது புத்தகத்தில் உள்ள இசட் அட்டவணையைப் பாருங்கள். வளைவுக்குக் கீழே உள்ள பரப்பை அது தரும்; அந்தப் பரப்புதான் நிகழ்தகவு. 1.5-க்கு இடப்பக்கப் பரப்பு 0.9332, −1.25-க்கு 0.1056. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 0.8276. அதாவது ஏறக்குறைய 83 சதவீதம்.

பலர் சறுக்குவது அட்டவணையில்தான். சில புத்தகங்களில் இடது கோடியிலிருந்து பரப்பு இருக்கும். சிலவற்றில் நடுவிலிருந்து, அதாவது 0-லிருந்து மட்டும். 1.5-க்கு 0.4332 என்று இருந்தால் உங்களுடையது இரண்டாம் வகை. அதில் −1.25-க்கு 1.25-ஐப் பார்த்தால் 0.3944. இரண்டும் நடுவுக்கு இருபுறமும் இருப்பதால் பரப்புகளைக் கூட்ட வேண்டும்: 0.4332 + 0.3944, அதே 0.8276. வளைவைக் கிறுக்கலாகவாவது வரைந்து வேண்டிய பகுதியை நிழலிட்டுவிட்டால் கூட்டலா கழித்தலா என்ற குழப்பமே வராது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இது மேல்.

"560-க்கு மேல்" என்று கேட்டால்? 1 − 0.9332 = 0.0668.

அப்புறம், "16 பேட்டரிகளின் சராசரி ஆயுள்" என்று கேள்வி வந்தால் 40-ஆல் வகுக்காதீர்கள். 40-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்து, திட்ட விலக்கத்தின் இடத்தில் 10-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும்.