‘டு’வுக்குப் பின்னால் என்ன? – ஆங்கிலக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேஸல் வேர்ப் பற்றியவை. அதாவது வினையோடு ‘அப்’, ‘ஓஃப்’ போன்ற குட்டிச்சொல் சேர்ந்து புது அர்த்தம் தருவது. பரீட்சை நெருங்குகிறது போலும்.

கே: பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ பண்ணினேன் என்றேன். லண்டனில் இருந்து வந்த மச்சாள் சிரித்தாள். ஏன்? (வெள்ளவத்தை)

ப: கொழும்பில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். சிங்கப்பூரிலிருந்து சாமானைக்கூட ‘கெட் டவுன்’ பண்ணுகிறோம். மச்சாள் ஊரில் பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஓஃப்’. கார், ஓட்டோவுக்கு ‘கெட் அவுட் ஒவ்’. உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் ‘ஓஃப்’, குனிந்து வெளியே வந்தால் ‘அவுட் ஒவ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு எந்த மொழியிலும் சொல் இல்லை.

கே: ‘மேக் அப்’ – அர்த்தம் என்ன? (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

ப: எந்த வாக்கியத்தில்? கதை கட்டினாலும் ‘மேக் அப்’, சண்டைக்காரர் இருவர் ராசியானாலும் ‘மேக் அப்’, வீணான நேரத்தை ஈடுசெய்தால் பின்னால் ஒரு ‘ஃபோர்’ சேரும். முழு வாக்கியத்தை எழுதி அனுப்புங்கள் என்று எத்தனை தரம் சொல்வது?

கே: ‘டர்ன் ஓஃப் இட்’ பிழையா? (சாதாரணதர மாணவன், தெஹிவளை)

ப: பிழை. ‘டர்ன் ஓஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஓஃப்’ இரண்டும் சரி. ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘டர்ன் இட் ஓஃப்’. ‘லுக் ஆஃப்டர்’ அப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர் இட்’தான்.

கே: வேலை விண்ணப்பத்தை ‘ஐ ஆம் லுக்கிங் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ’ என்று முடித்தேன். சரிதானே? (பம்பலப்பிட்டி)

ப: அந்தச் ‘சரிதானே’தான் வயிற்றெரிச்சல். ‘ஹியரிங்’ என்று வரவேண்டும். ‘வோன்ட் டு கோ’வில் வரும் ‘டு’ வேறு, இது வேறு. இது பிரிபொசிஷன் (முன்னிடைச்சொல்), பின்னால் பெயர்ச்சொல்லைக் கேட்கும். சந்தேகம் என்றால் ‘த வெடிங்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபோர்வர்ட் டு த வெடிங்’ பொருந்துகிறது, ‘வோன்ட் டு த வெடிங்’ பொருந்தவில்லை. பொருந்தும் இடத்தில் வினை வந்தால் ‘இங்’ சேருங்கள். ‘கெட் ரவுண்ட் டு’, ‘ஒப்ஜெக்ட் டு’ எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பங்கள் தரம்பிரித்துக் கொடுத்தேன். இருநூறு கடிதம் இருக்கும். நூற்றைம்பதில் இதே ‘ஹியர்’. எங்கே படித்தீர்கள் என்று ஒரு தம்பியிடம் கேட்டேன். ரியூட்டரி நோட்டைக் கொண்டுவந்தே காட்டினார். போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி, ஓர எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டிருந்தன. முந்நூறு பிரேஸல் வேர்ப், எதிரே ஒவ்வொரு தமிழ்ச் சொல். வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ‘புட் அப் வித் – பொறு’ என்று இருந்தது. நம் ஊரில் ‘பொறு, வாறன்’ என்றால் காத்திரு என்றல்லவா அர்த்தம்? அந்தப் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்பதையும் ‘புட் அப் வித்’ என்றுதான் எழுதும். சகித்துக்கொள்வது என்றாவது போட்டிருக்கலாம். ‘விடு’வையும் ‘கொடு’வையும் தனித்தனியே மனப்பாடம் செய்தவனுக்கு ‘விட்டுக்கொடு’ விளங்குமா? வினை, குட்டிச்சொல், பிரிபொசிஷன், அதற்குப் பின்னால் வருவது, நாலையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் படியுங்கள். பட்டியலைக் குப்பையில் போடுங்கள்.

கே: ‘கோப் அப் வித்’? (கொட்டாஞ்சேனை)

ப: ‘அப்’ வேண்டாம். சமாளிப்பது ‘கோப் வித்’ மட்டும்தான். ‘கீப் அப் வித்’தைப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

கே: வாக்கியம் பிரிபொசிஷனில் முடியக்கூடாது என்கிறார் ரீச்சர். (உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை)

ப: ஆங்கிலக் கவிஞர் ஜோன் ட்ரைடன் 1672இல் நாடகாசிரியர் பென் ஜோன்சனின் வரியில் இதைக் குற்றமாகச் சொன்னார், அன்றிலிருந்து துரத்துகிறது. ‘ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபோர்?’ என்று தாராளமாக எழுதலாம். ஆனால் புள்ளி போடுபவர் ரீச்சர். பரீட்சை முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

கே: படிவத்துக்கு ‘ஃபில் அப்’பா, ‘ஃபில் இன்’னா? (மட்டக்குளி)

ப: ‘ஃபில் இன்’. அமெரிக்கர் ‘ஃபில் அவுட்’ என்பார்கள். ‘ஃபில் அப்’ பெற்றோல் ஷெட்டில்.