ஊட்டி குளிரில் சோலார் பேட்டரிக்கு எந்த சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கலாம்?

தலைக்குந்தா பக்கம் தோட்ட வீடு, 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி, 335 வாட் பேனல் ஒன்று. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்த, கடையில் பி.டபிள்யூ.எம். (எளிய, மலிவான வகை) கன்ட்ரோலரே போதும் என்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை.

உங்கள் 72 செல் பேனல் சுமார் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரும். பி.டபிள்யூ.எம். அந்த வோல்ட்டைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறக்கிவிடும், ஆம்பியர் மட்டும் அதே 9. கிடைப்பது 120 வாட்டுக்கும் கீழே. பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் எம்.பி.பி.டி. வகை கன்ட்ரோலர், வோல்ட்டைக் குறைக்கும்போதே ஆம்பியரைக் கூட்டும்; நல்ல வெயிலில் 22 வரை ஏறும். மத்தியானம் மிஸ்ட் இறங்கிவிடும் ஊரில் காலை வெயிலை விடக்கூடாது. 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. வாங்குங்கள், பேனலைத் தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திருப்புங்கள்.

அதைவிட முக்கியம், கன்ட்ரோலரோடு வயர் வைத்த டெம்பரேச்சர் சென்சார் வருகிறதா என்பது. 25 டிகிரியில் 14.4 வோல்ட்டில் நிறையும் பேட்டரிக்கு, ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் சுமார் 24 மில்லிவோல்ட் கூடுதலாக வேண்டும். 5 டிகிரியில் அது 14.9 ஆகிறது. சமவெளிக்கான 14.4லேயே விட்டால் தினமும் அரைகுறை சார்ஜ்தான். பிளேட்டில் சல்ஃபேட் இறுகிவிடும். வெயில் அடித்த நாள் மாலையிலும் ஹைட்ரோமீட்டர் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.240க்கு ஏறாமல் 1.200 பக்கமே நின்றால் அதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள். சென்சாரைப் பேட்டரியின் பக்கவாட்டில், பாதி உயரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். அடுப்படிச் சுவரில் தொங்கவிட்டால் அது அடுப்பின் சூட்டைத்தான் அளக்கும்.

பின்னால் இன்னொரு பேனல் சேர்ப்பதானால் பேரலலில் சேருங்கள். சுமை இல்லாதபோது ஒரு பேனல் 46 வோல்ட். உறைபனிக் காலையில் 49 தாண்டும். சீரிஸில் இரண்டு போட்டால் 100 வோல்ட் கன்ட்ரோலரின் எல்லையைத் தொட்டுவிடும், சூரியன் எட்டிப் பார்த்ததும் கன்ட்ரோலர் போய்விடும்.

லித்தியத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், 0 டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) உள்ளதையே கேளுங்கள். அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். அந்தக் கெடுதலைச் சரிசெய்ய முடியாது. டிசம்பர், ஜனவரியில் வெளித் திண்ணை வேண்டாம், வீட்டுக்குள் வையுங்கள்.

கன்ட்ரோலர் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். நீள வயர் பேனல் பக்கம் போகட்டும். அங்கே 9 ஆம்பியர்தான், 6 சதுர மி.மீ. காப்பர் தாராளம். பேட்டரி பக்கம் 10 சதுர மி.மீ., பாசிட்டிவ் முனையருகே 40 ஆம்பியர் ஃப்யூஸ். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.