அடுப்படிக்கும் லீவு கொடுங்கள்

கேள்வி: மே மாதம் என் கணவருக்கு எட்டு நாள் லீவு. கொடைக்கானல் போகலாம் என்று 30,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தோம். மகனின் பள்ளிக் கட்டணத்தில் பாதி போய்விட்டது. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்கிறார் அவர். போன வருடமும் அப்படித்தான் இருந்தோம். மூன்றாம் நாளே பிள்ளைகள் இருவரும் (9, 13 வயது) செல்போனில், அவர் டிவி முன்னால், நான் அடுப்படியில். இந்த முறையாவது உருப்படியாகக் கழிக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: போன வருடம் உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு லீவு கிடைத்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை. நாலு பேரும் வீட்டில் இருந்தால் நாளுக்கு மூன்று வேளைச் சமையல், நடுவில் இரண்டு தடவை காபி, தேய்க்கத் தேய்க்கக் குவியும் பாத்திரம். ஆகவே எங்கே போவது என்று யோசிக்கும் முன் சமையலைத் தீர்த்துவிடுங்கள்.

லீவுக்கு முந்தின நாள் நாலு உழக்கு இட்லி அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் என்று போட்டு அரையுங்கள். மே மாத வெயிலில் மாவு ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். பொங்கிய பிறகு பிரிட்ஜில் வைப்பதால்தான் இரண்டாம் நாளே புளிக்கிறது. அரைத்த கையோடு மூன்று பாத்திரமாகப் பிரித்து, முதல் பாத்திரத்துக்கு மட்டும் உப்புப் போட்டு வெளியே வையுங்கள். மற்ற இரண்டும் உப்பில்லாமல் உடனே பிரிட்ஜுக்குப் போகட்டும். தேவைப்படும் நாளுக்கு முந்தின இரவு எடுத்து உப்புக் கலந்தால் போதும்.

மதியத்துக்குப் புளிக்காய்ச்சல். 100 கிராம் புளிக்கு 100 மில்லி நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்டவேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். ஈரக் கரண்டி போடாமலிருந்தால் எட்டு நாளும் தாங்கும். மதியம் சோறு வடிப்பது ஒன்றுதான் வேலை. அதையும் இரண்டு நாள் அவர் வடிக்கட்டும். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும், ஒன்பது வயதுக்காரர் உட்பட.

மிச்சமுள்ள 15,000 ரூபாயில் 7,000 ரூபாயை ஒரு கவரில் போட்டுத் தனியாக வையுங்கள். நாலைந்து வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு 3,000, எட்டு நாளுக்கு மட்டும் பாத்திரம் தேய்க்க வருபவருக்கு 1,500, போக்குவரத்துக்கு 1,500, ஜிகர்தண்டா வகையறாவுக்கு 1,000. பாத்திரத்துக்கு ஆள் எதற்கு என்று அந்த 1,500-ஐ மிச்சம் பிடிக்கத் தோன்றும். பிடிக்காதீர்கள்.

பிளம்பர், எலெக்ட்ரீஷியன், பரண் சுத்தம் எல்லாவற்றையும் லீவுக்கு முன்பே முடியுங்கள், அல்லது பின்னால் தள்ளுங்கள். ‘வீட்லதானே இருக்கீங்க’ என்று சொந்தக்காரர்கள் கிளம்பி வருவார்கள். ‘சனிக்கிழமை வாங்க, மத்த நாள் வெளியே போறோம்’ என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அது பொய்யும் அல்ல, போகத்தான் போகிறீர்கள்.

மதுரை மே மாதத்தில் வெளியே போக உகந்த நேரம் காலை 6 முதல் 9 வரைதான். ஒரு நாள் கீழக்குயில்குடி சமணர் மலை. ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில் தாண்டிப் படி ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே வரிசையாக எட்டுச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. தலைக்கு மேல் பாம்புப் படம் விரித்திருப்பவர் பார்சுவநாதர், உடலில் கொடி சுற்றியிருப்பவர் பாகுபலி என்று மட்டும் சொல்லி, யார் எங்கே என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்குமேல் பாறை சுட ஆரம்பித்துவிடும், அதற்குள் இறங்கிவிடுங்கள். மேலே கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

இன்னொரு நாள் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், நகரத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் சின்னவர் அரை மணியில் சோர்ந்துவிடுவார். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயர், தாயக்கட்டை, நூல் நூற்கும் தக்களி ஆகிய மூன்றையும் கண்டுபிடித்தால் ஐஸ்கிரீம் என்று சொல்லிப் பாருங்கள்.

பதினொன்றிலிருந்து நாலு வரைதான் செல்போன் ஜெயிக்கிற நேரம். இரண்டு மதியங்களைப் புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கழியுங்கள். ஏசி இருக்கிறது, சிறுவர் பகுதி தனியாக இருக்கிறது. மற்ற மதியங்களில் தூங்கலாம். அதற்கும்தானே லீவு!

இரவுக்கு மொட்டைமாடி. பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் நெடுநேரம் வெளியே விடும். ஆறு மணிக்கு நாலைந்து வாளித் தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் மறுபடி ஒரு முறை தெளியுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரே போதும். மெத்தை வேண்டாம், கோரைப்பாயும் கொசுவலையும் போதும். தினசரி காலண்டரில் அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. தென்கிழக்கில் சிவப்பாக எழுவது கேட்டை. ஜாதகத்தில் பெயராக மட்டும் தெரிந்தவை எல்லாம் தலைக்கு மேலே நிற்கும். மே நடுவில் ஒன்பது மணிக்குத் தெற்கே தாழ்வாகச் சிலுவைபோல் நிற்பது திரிசங்கு. அந்தப் பக்கம் கட்டிடம் மறைக்காமலிருக்க வேண்டும். டில்லியில் இருப்பவர்களுக்கு அது முழுதாகத் தெரியாது. பதின்மூன்று வயதுக்காரரிடம், ‘லீவுக்கு எங்கே போனாய்?’ என்று பள்ளியில் யாராவது கேட்டால் சொல்ல இது ஒன்று போதும்.

மாடியில் பகலுக்கும் வேலை உண்டு. ஜவ்வரிசி வடகம் போடுங்கள். ஒரு டம்ளர் ஜவ்வரிசியை இரண்டு டம்ளர் தண்ணீரில் இரவே ஊறவிட்டு, காலையில் இன்னும் நாலு டம்ளர் கொதிநீரில் கண்ணாடியாகும்வரை கிளறவேண்டும். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் வேகவில்லை, பொரித்தாலும் பல்லை உடைக்கும். பச்சைமிளகாய் விழுது ஆறு மிளகாய்க்கு. உப்பைக் குறைத்தே போடுங்கள், காய்ந்தால் கூடிவிடும். இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்து, பிளாஸ்டிக் விரிப்பில் கரண்டி கரண்டியாக ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். காய இரண்டு மூன்று நாள் ஆகும். ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, எண்ணெய் குடிக்கும், பொரியாது. சாயங்காலம் மேகம் கூடினால் விரிப்போடு சுருட்டிவிடாதீர்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்து அப்படியே கீழே இறக்கி மின்விசிறிக்கு அடியில் போடுங்கள்.