பெரிய அளவு வாங்கியும் ஏன் தோள் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்பே எனக்கு மார்பு கொஞ்சம் பெரிதுதான். பால் வந்த பிறகு எந்த உள்ளாடையும் சேரவில்லை. ஃபீடிங் பிரா கேட்டதற்குக் கடையில் 42 சி கொடுத்தார்கள். இருப்பதிலேயே பெரியது அதுதானாம். முதுகில் மேலே ஏறிக்கொள்கிறது, தோளில் பள்ளம் விழுகிறது, இடது கக்கத்தை ஒட்டி இரண்டு முறை பால் கட்டிக்கொண்டது. மார்புக்கு அடியில் வேர்வை தேங்கி எரிகிறது. மாமியார், "பால் கொடுக்கிற வரைக்கும் எதையும் போடாதே, இறுக்கினா பால் வத்திடும்" என்கிறார். இன்ச் டேப்பில் அளந்து பார்த்தேன். மார்புக்குக் கீழே 35, மார்பின் மேல் 43. அடுத்த மாதம் திருச்சியில் தங்கை கல்யாணம். நான் இருக்கும் திருப்பூரோ பனியன் தைக்கிற ஊர், எனக்கு ஒன்று அமையவில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

டேப்பை எடுத்து இரண்டு இடத்திலும் அளந்து எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. உங்கள் உடம்பு அளவுக்கு மீறியது இல்லை. உங்களுக்குக் கொடுத்த கணக்குத்தான் தப்பு.

பிராவில் இருக்கும் எண் மார்பின் அளவு இல்லை. மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி வருகிற பட்டையின் அளவு. மார்பு எவ்வளவு முன்னால் வருகிறது என்பதைச் சொல்வது ஏ, பி, சி என்ற எழுத்து. கப் பற்றவில்லை என்றால் எழுத்தைக் கூட்ட வேண்டும். ஆனால் பல கடைகளில் பி, சி தாண்டிச் சரக்கே இருக்காது. அதனால் 36 சேராதவருக்கு 38, அதுவும் சேராவிட்டால் 40, 42 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எண் கூடக் கூடக் கப்பும் கொஞ்சம் பெரிதாகும் என்பதால் போட்டுப் பார்க்கும்போது சேர்ந்த மாதிரி தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் போட்டால்தான் பட்டை தொளதொளவென்று முதுகில் ஏறும். மார்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டை. அது பிடிக்காதபோது மொத்தப் பாரமும் தோளில் விழுகிறது. தோளில் விழும் பள்ளத்துக்கு இதுதான் காரணம்.

இப்போது உங்கள் அளவைப் பார்ப்போம். கீழ்ச்சுற்று 35. இரட்டைப்படை எண்ணாக்கினால் 36. மேல்சுற்று 43. 43-க்கும் 36-க்கும் வித்தியாசம் 7 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு ஒரு எழுத்து: ஏ, பி, சி, டி, டிடி, ஈ, எஃப். ஏழாவதாக வருவது எஃப். பிரிட்டிஷ் முறைப்படி உங்கள் அளவு 36 எஃப். இந்த எழுத்தைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். 36 எஃப், 38 ஈ, 40 டிடி, 42 டி நான்குக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், சுற்றுப் பட்டை மட்டும்தான் மாறுகிறது. கடையில் கொடுத்த 42 சி-யில் கப் ஒரு படி சின்னது, பட்டை மூன்று படி பெரிது. ஒரே நேரத்தில் மேலே இறுக்கமும் கீழே தொளதொளப்பும் இருப்பது அதனால்தான்.

என் மூத்த மகள் பிறந்தபோது நானும் இப்படித்தான் ஆறு மாதம் ஓட்டினேன். பட்டை தோளை அறுக்காமல் இருக்கக் கைக்குட்டையை மடித்து அடியில் வைத்துக்கொள்வேன். அப்புறம் ஒரு சின்னக் கடையில் வயதான அம்மா ஒருவர் சேலைக்கு மேலேயே டேப்பைச் சுற்றி, "சுத்தளவு கொறச்சு, கப்பு ஜாஸ்தி வேணும் உனக்கு" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை ஆறு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கணக்கு இல்லை. நம் ஊரில் விற்கும் சில பிராண்டுகள் கீழ்ச்சுற்றோடு நான்கைந்து அங்குலம் கூட்டித்தான் எண் போடுகின்றன. அவர்கள் பட்டியலில் நீங்கள் 40 என்றுகூட வரலாம். அமெரிக்க முறையில் டிடிக்குப் பிறகு எழுத்தின் வரிசையே வேறு. ஆகவே ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா இடத்திலும் கேட்காதீர்கள். அட்டைப்பெட்டியிலோ இணையதளத்திலோ அந்தக் கம்பெனியின் அளவு அட்டவணை இருக்கும். அதில் கீழ்ச்சுற்றுக்கான வரிசையில் 35 அங்குலம், அதாவது 89 சென்டிமீட்டர், எங்கே வருகிறதோ அதை எடுங்கள்.

வாங்கும் முன் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். பால் கட்டி நிற்கும்போதும் வேண்டாம், குழந்தை குடித்து முடித்த உடனேயும் வேண்டாம். குடித்து ஒரு மணி நேரம் போகட்டும். கீழ்ச்சுற்றை மூச்சை விட்ட நிலையில் டேப் உடம்போடு ஒட்டும்படி எடுங்கள். மேல்சுற்றை நிமிர்ந்து ஒரு முறையும், இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து ஒரு முறையும் எடுங்கள். பெரிய, மென்மையான மார்புக்குக் குனிந்து எடுத்த அளவுதான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும். குனிந்து எடுத்ததில் 44 வந்தால் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பால் சுரப்பு ஒரு நிலைக்கு வர ஆறு வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை ஆகும், மார்பின் அளவும் அதுவரை ஏறி இறங்கும். அதனால் இப்போது ஒன்றோ இரண்டோ போதும். மீதியை அப்புறம் வாங்குங்கள்.

என்ன மாதிரி வாங்குவது? முதலில் பின்பக்கக் கொக்கியைப் பாருங்கள். உங்கள் அளவுக்கு மேலிருந்து கீழாக மூன்று கொக்கியாவது இருக்க வேண்டும், நான்கு இருந்தால் இன்னும் நல்லது. தோளில் மாட்டும் பட்டை விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. மொழுமொழுவென்று ஒரே துணியில் வார்த்த கப்பைவிட, இரண்டு மூன்று துண்டாக வெட்டித் தைத்த கப் பெரிய மார்பை நன்றாகத் தூக்கிப் பிடிக்கும். கடையில் அது அழகு குறைவாகத்தான் தெரியும், பரவாயில்லை. கப்பின் அடிப்பகுதி இழுபடாத பருத்தித் துணியாகவும் மேல் பகுதி கொஞ்சம் இழுபடும் துணியாகவும் இருந்தால், பால் கட்டும்போதும் வடியும்போதும் ஒன்றே போதும். கம்பி வைத்தது இப்போதைக்கு வேண்டாம். சரியாக அமைந்த கம்பி பிரா பின்னால் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் மார்பின் அளவு தினமும் மாறுகிற இந்த மாதங்களில் கம்பி சதையில் ஏறி அழுத்த வாய்ப்பு அதிகம்.

பெரிய மார்புள்ள தாய்மார்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று. ஃபீடிங் பிராவில் கிளிப்பைக் கழற்றிக் கப்பைக் கீழே இறக்கியதும் உள்ளே ஒரு துணிச் சட்டம் இருக்கும். சிலவற்றில் அதன் நடுவில் சின்ன வட்டம்தான் வெட்டியிருப்பார்கள். பால் கொடுக்கும் அரைமணி நேரமும் அந்த விளிம்பு மார்பை அமுக்கிக்கொண்டே இருக்கும், பால் கட்டிக்கொள்ள அதுவும் ஒரு காரணமாகலாம். கப் இறங்கினால் மார்பு முழுவதும் தாராளமாக வெளியே வருகிற மாதிரி, பக்கவாட்டில் மட்டும் ஒரு பட்டை தாங்குகிற மாதிரி உள்ளதைத் தேடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது பட்டையின் கடைசிக் கொக்கியில், அதாவது மிகவும் தளர்வான கொக்கியில், சரியாகப் பிடிக்க வேண்டும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும்போது உள்கொக்கிக்கு மாறிக்கொள்ளலாம். முதுகில் இரண்டு விரல் நுழையலாம், கை நுழைந்தால் பெரிது. தோளில் மாட்டிய இரண்டு பட்டையையும் இறக்கிவிட்டு நின்று பாருங்கள். பிரா அப்படியே நின்றால் பட்டை தாங்குகிறது என்று அர்த்தம். கையைத் தூக்குங்கள், குனிந்து நிமிருங்கள். கக்கத்துப் பக்கம் சதை பிதுங்கினால் கப் சின்னது. கடைசியாக, குழந்தையை ஒரு கையில் வைத்திருப்பதுபோல் ஏதாவது ஒரு பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் கிளிப்பைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிற பிள்ளையோடு ஒரு கைதான் உங்களுக்கு மிஞ்சும்.

சரி, இது எங்கே கிடைக்கும்? சென்னைக்குப் போகிற சொந்தக்காரர் இருந்தால், நாயுடு ஹால் மாதிரி உள்ளாடைக்கென்றே பெயர் வாங்கிய கடைகளில் அளவைச் சொல்லிக் கேட்கச் சொல்லலாம். ஆன்லைனில் டிடி, ஈ, எஃப் எனத் தேடினால் ஊர்க் கடையைவிடக் கூடுதல் அளவுகள் வரும். ஆனால் உள்ளாடையைத் திருப்பி எடுப்பதில்லை என்று பல இடங்களில் விதி வைத்திருப்பார்கள். முதலில் அதைப் படித்துவிட்டு, ஒன்றே ஒன்று வரவழைத்துப் பாருங்கள். 36 எஃப் கிடைக்காமல் 38 ஈ கிடைத்தால் வாங்கி உள்கொக்கியில் போடலாம். அதற்கு மேல் எண்ணைக் கூட்டாதீர்கள்.

எதுவும் அமையவில்லையா? உங்கள் ஊரில் தையல் தெரிந்த கைக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் அளவில் ஃபீடிங் பிரா கிடைக்காமல், சாதாரணமான முழுக் கப் காட்டன் பிரா கிடைத்தால், அதையே ஃபீடிங் பிராவாக மாற்றலாம். கப்பின் மேல்முனையைத் தோள்பட்டையிலிருந்து பிரித்து, அந்த இடத்தில் ஃபீடிங் கிளிப் வைக்க வேண்டும். கிளிப் தனியாகவே விற்கிறது. தோள்பட்டையிலிருந்து பக்கவாட்டுப் பட்டை வரை உள்ளே ஒரு துணிப்பட்டை கொடுத்துத் தைத்துவிட்டால், கப் இறங்கினாலும் பிரா நிற்கும். பிளவுஸ் நன்றாகத் தைக்கிற பெண் டெய்லரிடம் ஒரு மாதிரியைக் காட்டினால் புரிந்துகொள்வார். அளவு அமையாதவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இந்த வழியைத்தான்.

மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். இறுக்கமான துணி பாலைக் கட்டவைக்கும் என்ற அனுபவத்தில்தான் சொல்கிறார், அதில் உண்மை உண்டு. நாள் கணக்கில் அழுத்தி, பால் வெளியேறாமல் தேங்கினால் சுரப்பும் குறையும். சரியாக அமைந்த பிரா பாலை வற்றவைக்காது. குழந்தை எவ்வளவு அடிக்கடி குடிக்கிறதோ அவ்வளவு ஊறும். வீட்டில் இருக்கும்போதும் தூங்கும்போதும் பிரா இல்லாமல் இருப்பது உங்களுக்குச் சுகமாக இருந்தால் தாராளமாக இருங்கள். போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. பாரம் இழுக்கிறது, நடந்தால் வலிக்கிறது என்றால் போடுங்கள்.

பால் கட்டிக் கல் போல இருக்கும் இடத்தை அழுத்திப் பிசைய வேண்டாம். வழக்கம்போலக் குழந்தைக்குக் கொடுங்கள், பால் கொடுத்த பிறகு ஈரத்துணியில் குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள். குழந்தையை உங்கள் கக்கத்துக்குக் கீழே இடுக்கினாற்போல், கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு இந்த நிலை மிகவும் உதவும், குழந்தையின் வாயும் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். மார்புக்கு அடியில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தால் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டாம். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால், அல்லது ஓரிரு நாளில் கட்டி கரையாவிட்டால், மருத்துவரிடம் போய்விடுங்கள். மருத்துவர் நிறுத்தச் சொன்னாலொழியப் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

அடியில் எரிகிற இடத்தைத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடிப்புக்குள் வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். பவுடர் வேண்டாம். சிவப்பு படர்ந்தாலோ தோல் வெடித்தாலோ அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், தொற்றை மறைத்து வளர்த்துவிடும். மருத்துவரிடம் காட்டியே பூசுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். பேருந்தில் போவதானால், 2015-ல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. இறங்கியதும் விசாரித்துப் பயன்படுத்துங்கள். பிளவுஸை மட்டும் இப்போதே தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பிரா கைக்கு வரட்டும். அதைப் போட்டுக்கொண்டு போய் அளவு கொடுங்கள், இல்லையென்றால் மார்பு நிற்கும் இடமே மாறிப் பிளவுஸ் வீணாகிவிடும். கொக்கி முன்பக்கம் இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் பிரித்துவிடத் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். அளவு கொடுக்கக் கிளம்புவதும் குழந்தை குடித்து ஒரு மணி நேரம் கழித்தே இருக்கட்டும்.