இரவல் இன்ஜினும் உங்கள் மகளின் படிப்பும்

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நிறையக் கேள்விகள் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். "ஆஸ்டன் மார்ட்டின் மாதிரி ஸ்போர்ட்ஸ் கார்க் கம்பெனியே இன்ஜினை மெர்சிடஸிடம் வாங்கிப் போடுகிறது என்று அவளே சொல்கிறாள். ஒரு காரைக் கோடிக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறவர்களே இன்ஜின் செய்வதில்லை என்றால், இவள் இன்ஜினைப் பற்றிப் படித்துவிட்டு யாரிடம் வேலைக்குப் போவாள்?" உங்கள் தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும் இதை வைத்துத்தான். இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கல்லூரி, கட் ஆஃப் எல்லாம் அப்புறம்.

உங்கள் மகள் சொன்னது உண்மை. 2016இல் வந்த டிபி11 காரில் ஆஸ்டன் மார்ட்டினின் சொந்த 5.2 லிட்டர் வி12 இன்ஜின் (V வடிவில் 12 சிலிண்டர்) இருந்தது, இரண்டு டர்போவுடன். டர்போ என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அடுத்த ஆண்டே அதே காரில் மெர்சிடஸின் வேகக் கார்ப் பிரிவான ஏஎம்ஜியின் 4 லிட்டர் வி8 இன்ஜினும் வந்துவிட்டது. ஆனால் அந்த இன்ஜின் கைக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பதை அவளிடம் கேளுங்கள். காற்று உள்ளே வரும் பாதையை மாற்றினார்கள். புகை வெளியேறும் அமைப்பை மாற்றினார்கள். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டையும் தங்கள் காருக்கு ஏற்றபடி செய்துகொண்டார்கள். இன்ஜினை ஆட்டிவைக்கும் ஈசியு என்ற கணினிக்குள் புது எண்களைப் போட்டு, மிதித்தால் கார் எப்படிப் பாய வேண்டும், எப்படி உறும வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். வி12 காரைவிட இது 115 கிலோ குறைவு என்பதால் சஸ்பென்ஷனையும் திருத்த வேண்டியிருந்தது. இதில் எதுவும் கடையில் கிடைக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆட்கள் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள்.

ஏன் இரவல் வாங்குகிறார்கள்? ஆண்டுக்குச் சில ஆயிரம் கார் மட்டுமே விற்கிற கம்பெனி, புதிதாக ஓர் இன்ஜினை வடிவமைத்து, நாட்டுக்கு நாடு மாறும் எமிஷன் (புகைக் கட்டுப்பாட்டு) விதிகளுக்கெல்லாம் அதைச் சோதித்துச் சான்று வாங்கினால், அந்தச் செலவை எத்தனை கார் மேல் ஏற்றுவது? அவ்வளவுதான் காரணம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் லோட்டஸ் தன் எவோரா காரில் போட்டது டொயோட்டா கேம்ரியில் வருகிற வி6 இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. இத்தாலியின் பகானி, ஸோண்டா தொடங்கி ஏஎம்ஜியின் வி12 இன்ஜினைத்தான் வைத்திருக்கிறது. 2019இல் திரும்பி வந்த டொயோட்டா சுப்ராவுக்குள் இருப்பது பிஎம்டபிள்யூ இன்ஜின். 1990களின் உச்சமான மெக்லாரன் எஃப்1 காரின் வி12கூட மெக்லாரன் செய்ததல்ல. பிஎம்டபிள்யூவில் பால் ரோஷே என்பவரின் குழு செய்து தந்தது. 1998இல் அந்தக் கார் மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டது.

கோவைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். உங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டியபோது கார் ஜோர்டன், இன்ஜின் டொயோட்டா.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஓர் உதாரணம். 2011இல் மெக்லாரன் 12சி வந்தபோது அதன் 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி8 இன்ஜினைத் தயாரித்துக் கொடுத்தது ரிக்கார்டோ. இங்கிலாந்தின் தென்கரையில் ஷோர்ஹாம் என்ற சிற்றூரில் இருக்கிற கம்பெனி. அந்தப் பெயரில் ஒரு காரும் தெருவில் ஓடாது. உங்கள் தம்பிக்கு அப்படி ஒரு கம்பெனி இருப்பதே தெரிந்திருக்காது. இன்ஜின் வேலை அழிந்துபோகவில்லை அம்மா. காரின் முன்னால் ஒட்டியிருக்கிற பெயரைவிட்டு வேறு முகவரிக்குப் போயிருக்கிறது. இன்ஜின் வடிவமைக்கும் ரிக்கார்டோ, காஸ்வொர்த், ஆஸ்திரியாவின் ஏவிஎல், டர்போ செய்யும் காரெட், போர்க்வார்னர், ஈசியு செய்யும் பாஷ் என்று அந்த முகவரிகள் நீளும். புகாட்டி 2024இல் காட்டிய டூர்பியோன் காரின் வி16 இன்ஜினுக்குப் போய் நின்றதும் காஸ்வொர்த் வாசலில்தான். வேலை தேடும்போது அவள் இந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஃபெராரி, லம்போர்கினி என்று மட்டும் தேடுகிற பிள்ளைகள்தான் கடைசியில் ஏமாந்துபோகிறார்கள்.

டர்போ என்றால் என்னவென்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய டர்பைனைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரெஸர், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரிக்கலாம். சின்ன இன்ஜினிலேயே பெரிய இன்ஜினின் சக்தி வந்துவிடும். 1905இலேயே சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூகி காப்புரிமைக்குக் கொண்டுபோன யோசனை இது.

சொல்ல எளிது, செய்வதுதான் பாடு. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெட்ரோல் இன்ஜினின் புகை 900 டிகிரியைத் தாண்டும். காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டும். அதற்காக நடுவில் இன்டர்கூலர் வைத்துக் காற்றைக் குளிரவைக்க வேண்டும். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் டர்பைன் வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். 1970களின் போர்ஷே 911 டர்போவில் அந்தத் தாமதம் முடிந்து சக்தி திடீரென வந்து சேரும்போது பழக்கமில்லாதவர் கையில் கார் கட்டுக்குள் நிற்காது. ஆஸ்டன் மார்ட்டின் வாங்கிய அந்த வி8இல் இரண்டு டர்போவும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது, புகை போகும் தூரத்தைக் குறைத்து இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான். ஆனால் அவ்வளவு சூட்டையும் நடுவில் கொண்டுவந்து வைத்தால் பக்கத்தில் உள்ள ரப்பரும் வயரும் என்ன ஆகும்? அதற்கும் ஒருவர் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

2015இல் ஃபெராரி, டர்போ இல்லாத 458 காரை நிறுத்திவிட்டு 488 ஜிடிபி காரை டர்போவோடு கொண்டுவந்தது. டர்போ கார் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, எந்தக் கியரில் எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வெளியே விட வேண்டும் என்பதை மென்பொருளால் கட்டுப்படுத்தினார்கள். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். இந்த வேலைக்குக் காலிபரேஷன் என்று பெயர். பாதி நேரம் டெஸ்ட் பெட் (இன்ஜினைத் தனியே ஓட்டிச் சோதிக்கும் மேடை) முன்னால், பாதி நேரம் லேப்டாப் முன்னால். கம்ப்யூட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் அவர் நினைக்கிற சுவர் இப்போது இல்லை.

எல்லாம் எலக்ட்ரிக் ஆகிவிடுமே என்ற பயம் நியாயமானது. பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினை மட்டும் நம்பி ஒரு முழு வேலை வாழ்க்கையைத் திட்டமிட நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றம் எந்த வழியில் வருகிறது என்று பாருங்கள். 2022இல் மெர்சிடஸ்-ஏஎம்ஜி சி43 காரில், காரெட்டோடு சேர்ந்து, டர்போவின் தண்டிலேயே ஒரு மின்மோட்டார் வைத்தார்கள். புகை வருவதற்கு முன்பே மோட்டார் அதைச் சுற்றிவிடுகிறது. 2024இல் போர்ஷே 911 ஜிடிஎஸ் காரிலும் மின்டர்போ வந்தது. இன்ஜினும் தெரிந்து மோட்டாரும் தெரிந்தவருக்குத்தான் இப்போது தேவை. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் ஃபியூயல் செல்லுக்கும் காற்றை அழுத்தித் தர ஒரு கம்ப்ரெஸர் வேண்டும், அதையும் டர்போ கம்பெனிகள்தான் செய்கின்றன. மின்சாரக் காரிலும் இரவல் தொடர்கிறது. நம் மஹிந்திராவுக்குச் சொந்தமான ஆட்டோமொபிலி பினின்ஃபரினாவின் பட்டிஸ்டா ஓடுவது குரோஷியாவின் ரிமாக் தரும் பேட்டரியிலும் மோட்டாரிலும்தான்.

சரி, இனி படிப்பு. நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தால், சுமாரான கல்லூரியின் ஆட்டோமொபைலைவிட அதுவே மேல். குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி டெக் போன்ற இடங்களில் ஆட்டோமொபைலே கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். பாடத்தில் தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், கன்ட்ரோல்ஸ் மூன்றையும் தேர்வுக்காகப் படிக்காமல் புரிந்து படிக்கட்டும். மேட்லாப், சிமுலிங்க் என்ற கணக்கீட்டு மென்பொருள்கள் கட்டாயம். அதைவிட முக்கியம், கல்லூரியில் ஃபார்முலா பாரத் அல்லது பாஹா என்ற மாணவர் போட்டிக்குக் கார் கட்டும் அணி இருக்கிறதா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். ஃபார்முலா பாரத் நடப்பது உங்கள் பக்கத்திலேயே, கரி மோட்டார் ஸ்பீட்வேயில். நேர்முகத்தில் மதிப்பெண்ணைவிட அந்தக் காரைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

முதல் வேலை அநேகமாக லாரி டர்போவிலோ டிராக்டர் இன்ஜினிலோதான் கிடைக்கும். அவளுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போர்ஷே 911இல் டர்போ சுற்றுவதும் லேலண்ட் லாரியில் சுற்றுவதும் ஒரே இயற்பியல். சென்னையில் டர்போ எனர்ஜி 1980கள் முதலே டர்போசார்ஜர் செய்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையமும் ரெனோ-நிஸான் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென்றே ஜிஏஆர்சி இருக்கிறது. மேலே படிக்க ஐஐடி மெட்ராஸில் எரிதல் ஆராய்ச்சிக்குத் தனி மையம் உண்டு. தொடக்கச் சம்பளம் உங்கள் தம்பி சொல்லும் ஐ.டி. வேலையைவிடக் குறைவாகவே இருக்கலாம். அதை மறைத்து நான் உங்களிடம் நல்ல பெயர் வாங்க விரும்பவில்லை. இரண்டு, மூன்று ஆண்டு டெஸ்ட் பெட் அனுபவம் வந்த பிறகுதான் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குக் கேட்கிற சம்பளம் கிடைக்கத் தொடங்கும்.

வெளிநாடு இப்போதே வேண்டாம். முதுகலைக்குப் போகலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, சில இடங்களில் உண்டு. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும், ஜெர்மன் தெரியாமல் வேலை கிடைப்பது கடினம். இரண்டாம் ஆண்டிலேயே மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். இத்தாலியில் போலோன்யா, மோடெனா உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள், ஃபெராரி, லம்போர்கினி, பகானி போன்றவர்களோடு சேர்ந்து மூனர் என்ற பெயரில் முதுகலைப் படிப்பு நடத்துகின்றன, ஆங்கிலத்திலேயே. அவளுடைய கனவுக்கு நேர்வழி அது, ஆனால் இடம் குறைவு. அதற்காக வீட்டை அடமானம் வைக்கிற முடிவை இன்று எடுக்கத் தேவையில்லை.

பெண்பிள்ளை, ஷாப் ஃப்ளோர், இரவு ஷிஃப்ட் என்று கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினைச் சோதிக்கும் டெஸ்ட் செல் அறை வேலையில் நின்றுகொண்டும் சத்தத்தோடும் இருக்க வேண்டியிருக்கும், சில வாரம் இரவும் வரும். காலிபரேஷன், சிமுலேஷன் பக்கம் பெரும்பாலும் அலுவலக வேலை. எது பிடிக்கிறது என்று அவளே இன்டர்ன்ஷிப்பில் பார்த்துக்கொள்ளட்டும்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காற்றை அழுத்தினால் ஏன் சூடாகிறது, சூடானால் இன்ஜின் ஏன் தட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், கூகுள் பார்க்காமல். சரியாக எழுத வேண்டும் என்றில்லை. முட்டிமோதி எழுதப் பார்க்கிறாளா, அல்லது சலித்துப்போய் காரின் சத்தத்துக்கும் வீடியோவுக்கும் திரும்பிவிடுகிறாளா என்று கவனியுங்கள். சலித்துவிட்டால் தம்பி சொல்வதையும் யோசிக்கலாம். எழுதினால், அந்தத் தாளையும் அவள் கட் ஆஃபையும் சாய்ஸ் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். கல்லூரி வரிசையை மூவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.