வகுக்கும் எண் பூஜ்ஜியமானால்

அன்புள்ள ஐயா,

சொந்தமாக ஒரு சிறிய கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) எழுதிவருகிறேன். எக்ஸ்86-64, ஏஆர்எம்64 என்ற இரண்டு செயலி வகைகளுக்கும் நன்றாக ஓடுகிறது. இப்போது ரிஸ்க்-ஃபைவ் என்ற மூன்றாவது வகையைச் சேர்க்கிறேன். எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாக இருக்கவேண்டிய ஆப்டிமைசருக்குள் (கோடை வேகமாக்கும் பகுதி) 'டார்கெட் (இலக்கு இயந்திரம்) இதுவென்றால் இப்படி' என்று ஏகப்பட்ட நிபந்தனைகள் சேர்ந்துவிட்டன. ஒரு பகுதியை இணைத்திருக்கிறேன். இவற்றை இஃப்டெஃப் போட்டு (கம்பைல் செய்யும்போதே வேண்டாத பகுதியை ஒதுக்கும் முறை) பிரிக்கலாமா, விர்ச்சுவல் ஃபங்ஷன்களாக (எதை அழைப்பது என்பது ஓடும்போது முடிவாகும் ஃபங்ஷன்கள்) மாற்றலாமா? மாற்றினால் கம்பைலர் மெதுவாகிவிடாதா? 'முதலில் ஓடட்டும், அப்புறம் சுத்தம் செய்யலாம்' என்கிறார் கூட வேலை செய்யும் நண்பர். பேசாமல் எல்எல்விஎம் என்ற ஆயத்தக் கம்பைலர் கட்டமைப்புக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது.

ர.

அன்புள்ள ர.,

மெதுவாகிவிடுமா என்ற கவலையை விடுங்கள். அளந்து பார்க்காமல் வேகத்தைப் பற்றிப் பேசுவது நம் தொழிலைப் பிடித்த வியாதி. எல்எல்விஎம்முக்குப் போவது உங்கள் விருப்பம். ஆனால் இரண்டு பேக்எண்டை (ஓர் இயந்திரத்துக்கான கோடை உருவாக்கும் பகுதி) தனியாளாக ஓடவைத்தவர் மூன்றாவதில் சோர்ந்துபோகக் காரணமே இல்லை.

நீங்கள் இணைத்ததில் ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது: 'டார்கெட் எக்ஸ்86 இல்லையென்றால், வகுத்தலை லூப்புக்கு வெளியே தூக்கு.'

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விடை தரும் வகுத்தலை வெளியே எடுத்து ஒருமுறை மட்டும் செய்தால் வேகம் கூடும், அதுதான் நோக்கம். ஆனால் லூப்புக்குள் ஒரு நிபந்தனைக்குக் கீழே இருக்கும் வகுத்தலை வெளியே தூக்கினால், நிபந்தனை பொய்யாக இருக்கும்போதும் அது நடக்கும். வகுக்கும் எண் பூஜ்ஜியமாக இருந்தால்? எக்ஸ்86 எக்ஸெப்ஷன் எழுப்பும், நிரல் செத்துப்போகும். ஏஆர்எம்64 சத்தமில்லாமல் பூஜ்ஜியத்தை விடையாகத் தரும். ரிஸ்க்-ஃபைவ் எல்லா பிட்டும் ஒன்றாக ஒரு விடையைத் தரும், அதுவும் நிற்காது. ஆகவே உங்கள் வரி ரிஸ்க்-ஃபைவுக்கும் சரியாகவே வேலை செய்யும். அதுதான் ஆபத்து. நாளைக்கு யாராவது ஐபிஎம் மெயின்ஃப்ரேமுக்கு போர்ட் எழுத, அதாவது உங்கள் கம்பைலரை அந்த இயந்திரத்துக்கும் கொண்டுபோக, வருவார். அந்த இயந்திரமும் பூஜ்ஜியத்தால் வகுத்தால் எக்ஸெப்ஷன் எழுப்பும். ஆனால் அது 'எக்ஸ்86 இல்லை' அல்லவா? உங்கள் ஆப்டிமைசர் வகுத்தலைத் தூக்கும், நல்ல நிரல் செத்துவிழும். அவர் தன் பேக்எண்டில் பிழையைத் தேடித் தேடி ஓய்ந்துபோவார்.

இதை எழுதும்போது உங்கள் மனதில் இருந்த கேள்வி என்ன? 'இந்த இயந்திரத்தில் வகுத்தல் நிரலை நிறுத்துமா?' என்பதுதானே? பிறகு ஏன் அதைக் கேட்காமல் இயந்திரத்தின் பெயரைக் கேட்டீர்கள்? தெரிந்த விஷயத்தை எழுதாமல் விடுவது சோம்பல், வேறொன்றுமில்லை. பொதுக் கோட் அந்தக் கேள்வியை மட்டும் கேட்கட்டும். பதில் அந்தந்த டார்கெட்டின் ஃபோல்டருக்குள் இருக்கட்டும். பதில் சொல்லாத போர்ட்டுக்கு 'நிறுத்தும்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வேகம் போகும், தவறான கோட் வராது.

பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பைலருக்குப் புதிய சிப் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. பொதுக் கோட் முழுக்க ஒரு பழைய சிப்பின் பெயர். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். 'இது தேவை, எடுக்காதே' என்பதுதான் கமெண்ட். எனக்கு மேலிருந்த ஒரு மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி கேட்பார்: "இங்கே அவன் உண்மையில் எதைக் கேட்டான்?" மெல்ல மெல்லப் புரிந்தது. ஒரே பெயருக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் ஒளிந்திருந்தன: பைட் வரிசை (எண்ணின் பைட்டுகளை எந்த வரிசையில் நினைவகத்தில் வைப்பது), சீரமைக்காத முகவரியிலிருந்து (தரவின் அளவுக்குப் பொருந்தாத நினைவக முகவரி) படிக்க முடியுமா என்பது, சி மொழியின் சார் வகைக்குக் குறி உண்டா (எதிர்ம எண்களை ஏற்குமா) என்பது. புதிய சிப்புக்கு அதில் இரண்டு பொருந்தின, ஒன்று பொருந்தவில்லை. பெயரை மட்டும் பார்த்து எந்த இடத்திலும் முடிவெடுக்க முடியவில்லை. அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

'அப்புறம் சுத்தம் செய்யலாம்' என்ற நண்பரிடம் ஜிசிசி என்ற பிரபலக் கம்பைலரைக் காட்டுங்கள். டார்கெட் மேக்ரோக்களை (பெயருக்குப் பதில் வேறு உரையை வைக்கும் குறுக்கெழுத்துகள்) ஹூக்குகளாக (ஒவ்வொரு டார்கெட்டும் பதில் தரும் ஃபங்ஷன்கள்) மாற்றும் வேலை அங்கே பல வருடங்களாக நடக்கிறது, இன்னும் முடியவில்லை. கைவிட்ட மேக்ரோக்களின் பெயர்களை சிஸ்டம்.எச் கோப்பில் 'பாய்சன்' பிராக்மாவில் (பெயரைத் தடைசெய்யும் கட்டளை) போட்டுவைத்திருக்கிறார்கள். பழைய பழக்கத்தில் யாராவது அந்தப் பெயரை எழுதினால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். எல்எல்விஎம்மிலும் இன்ஸ்ட்கம்பைன் என்ற பொதுப் பாஸுக்குள் (கோடை மேம்படுத்தும் ஒரு படி) எக்ஸ்86, ஏஆர்எம் இன்ட்ரின்சிக்குகளுக்கான (கம்பைலர் நேரடியாக அறிந்த சிறப்பு ஃபங்ஷன்கள்) விதிகள் வெகுகாலம் கிடந்தன. 2020-ல்தான் அவற்றை டார்கெட் ஃபோல்டர்களுக்கு நகர்த்தினார்கள்.

இஃப்டெஃப் வேண்டாம். ஒதுக்கப்பட்ட பகுதியை யாரும் கம்பைல் செய்யாததால் அது உடைந்தாலும் தெரியாது. விர்ச்சுவல் ஃபங்ஷனோ, பதில்களை வைத்திருக்கும் வெறும் ஸ்ட்ரக்டோ, எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரிஸ்க்-ஃபைவ் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். ஆப்டிமைசரில் இயந்திரப் பெயர் வரும் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அங்கே என்ன கேட்க நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். சிலவற்றுக்குப் பதில் உங்களுக்கே தெரியாது, அவற்றைத் தனியாகக் குறித்துவைத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.