விரட்டி ஓட்டிய எம்ஜிபி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பற்றியவை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான அந்தக் கார் இன்றும் இத்தனை பேரிடம் ஓடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் ஹார்ட்நாட் கணவாயிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் அடிவரை போய்விட்டது. மறுநாள் காலையில் பழையபடி கெட்டியாக இருந்தது. பேட் மாற்றினால் போதுமா?

போதாது. மறுநாள் தானாகச் சரியானதை நம்பி அப்படியே ஓட்டிவிடாதீர்கள். ஹார்ட்நாட்டில் மூன்றடி போனால் ஓரடி இறங்குகிற சரிவுகள் உண்டு. அங்கே பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால், முன் டிஸ்க்கின் சூடு, டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைத்துவிடும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் கீழே போனது அதனால்தான். ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்தின் ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும்; ஈரம் ஏறினால் அந்த அளவு 155 டிகிரிதான். பழையதை முழுக்க வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை எடுத்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. முன் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி நிற்கும்போது அழுத்திப் பிடித்த பெடல் மெதுவாக இறங்கினால், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீல்களையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம், அடுத்த முறை இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும்படி முதல் கியரில் இறங்குங்கள். 1967க்கு முந்தைய வண்டியானால் முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ கிடையாது. சரிவு தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிடுங்கள்.

மோட்டார்வேயில் இரண்டு மணி நேரம் வேகமாக ஓட்டிவிட்டு நிறுத்தினால், ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஆயில் பிரஷர் 15 பிஎஸ்ஐதான் (அழுத்த அலகு) காட்டுகிறது. இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து பிரிக்காதீர்கள். நன்றாகச் சூடேறிய இந்த இன்ஜினுக்கு ஐடிலில் 15 சாதாரணம். ஓடும்போது 50க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். அது சரிந்தால்தான் கவலை. அப்போதும்கூட முதலில் வேறொரு நல்ல கேஜை மாட்டி ஒப்பிடுங்கள். உள்ளே இருப்பது 20டபிள்யூ50 என்ற கெட்டியான ஆயில்தானா என்பதையும் உறுதி செய்யுங்கள். இன்றைய மெல்லிய ஆயில் இதற்கு ஒத்துவராது.

சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் திணறித் திணறி ஓடுகிறது.

ஐடில் வேகத்தைக் குறையுங்கள், இக்னிஷன் டைமிங்கைச் சரிபாருங்கள். இரண்டும் சரி என்றால் சிலிண்டர் ஹெட்டில் கரி படிந்திருக்கும். அதுவரை நாலாவது கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை விடுங்கள்; நின்றுவிடும்.

ஸ்போக் வீல் வண்டி. ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் பின்னால் 'டக்' என்கிறது.

பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால், இரண்டையும் கோர்க்கும் ஸ்ப்ளைன் பற்கள் தேய்ந்துவிட்டன. ஹப்பையும் வீலையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதியதையும் தின்றுவிடும். பற்கள் நன்றாக இருந்தால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளைப் பாருங்கள்.

ஹப் மாற்றும்போது இடது, வலது மாறக்கூடாது. சக்கரத்தை நடுவில் பிடிக்கும் நட்டுக்கு இடப்பக்கம் வழக்கமான மரை, வலப்பக்கம் எதிர்மரை. மாற்றிப் போட்டால் ஓட ஓட நட்டு தானாகக் கழன்று வரும்.